கண்மாயும் பட்டா நிலமும் சேர்ந்தால்தான் பறவை தங்கும்: ஊர்க்காரர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

வேடந்தாங்கல் ஏரியின் பரப்பு சுமார் 30 ஹெக்டேர்தான். கார்த்திகை, மார்கழியில் அங்கே கூடு கட்டும் கூழைக்கடா, நாரை, கொக்கு, நீர்க்காகம் எல்லாம் ஆயிரக்கணக்கில். இத்தனை பறவைக்கும் அவற்றின் குஞ்சுகளுக்கும் வேண்டிய மீனும் நத்தையும் தவளையும் அந்த 30 ஹெக்டேருக்குள் எப்படிக் கிடைக்கும்? கூட்டை ஏரியில் வைத்துவிட்டு, இரைக்குப் பக்கத்து ஏரிகளுக்கும் நெல்வயல்களுக்கும்தான் அவை பறந்து போகின்றன. அந்த வயல்களில் பெரும்பகுதி யாரோ ஒருவரின் பட்டா நிலம். ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் வரை சரணாலயம் என்று 1998ல் அறிவித்ததன் பின்னால் இருப்பது இந்தக் கணக்குதான். அந்த 5 கிலோமீட்டரை 3 ஆகக் குறைக்க 2020ல் யோசனை வந்தபோது எதிர்ப்பு கிளம்பி, அது கைவிடப்பட்டதற்கும் காரணம் இதுவே.

ஊரார் இதை எப்போதோ புரிந்துகொண்டுவிட்டார்கள். 1798ல் வேடந்தாங்கல் விவசாயிகள், தங்கள் ஏரிப் பறவைகளை யாரும் சுடக்கூடாது என்று அன்றைய கலெக்டர் லயனல் பிளேஸிடம் உத்தரவு வாங்கினார்கள். பறவை எச்சம் கலந்த தண்ணீர் மடை வழியாக வயலுக்குப் பாயும்போது உரமும் சேர்ந்தே வருகிறது என்பது அவர்களுக்குக் கைகண்ட உண்மை. ஏரி சர்க்காருடையது, வயல் குடியானவருடையது. நடுவே இருந்த பறவையால் இரண்டு பேருக்கும் ஓர் ஏற்பாடு வந்தது.

உங்கள் ஊர்க் கண்மாயிலோ ஏரியிலோ பறவைகள் கூடு கட்டுகின்றன, அல்லது முன்பு கட்டிக்கொண்டிருந்தன என்றால், அதே மாதிரி ஓர் ஏற்பாட்டை இன்று எப்படிச் செய்வது என்று சொல்லவே இதை எழுதுகிறேன். இதில் என் கருத்து ஒன்றுதான். பறவையால் யாருக்கு நஷ்டமோ, அவரை முதலில் உட்கார வைத்துப் பேசுங்கள். போர்டு நடுவது, விழா எடுப்பது, அரசாணை கேட்பது எல்லாம் அதற்கு அப்புறம்.

1. எந்த நிலம் யாருடையது? முதலில் காகிதத்தைப் பாருங்கள்

கிராம நிர்வாக அலுவலரிடம் 'அ' பதிவேடும் புலப்படமும் இருக்கும். பட்டா, சிட்டா விவரங்களை வருவாய்த் துறையின் இணையதளத்திலும் பார்த்துக்கொள்ளலாம். கண்மாயையும் அதைச் சுற்றி இரண்டு, மூன்று கிலோமீட்டரையும் ஒரு பெரிய தாளில் வரைந்து, ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் ஒரு நிறம் கொடுங்கள். ஏரிப் புறம்போக்கு, வாய்க்கால் புறம்போக்கு, மேய்க்கால் புறம்போக்கு, கோயில் நிலம், தரிசு, பட்டா என்று பிரித்தால், பேசவேண்டிய ஆட்கள் யார் யார் என்பது அந்தத் தாளிலேயே தெரிந்துவிடும்.

கண்மாய் யார் பொறுப்பில் என்பதை ஆயக்கட்டு அளவு சொல்லும். 40 ஹெக்டேர், அதாவது சுமார் 100 ஏக்கர், அதற்கு மேல் பாசனம் பெறும் கண்மாய்கள் நீர்வளத் துறையிடம் இருக்கும். ஊரில் இன்னும் 'பொதுப்பணித் துறைக் கண்மாய்' என்றுதான் சொல்வார்கள். அதற்குக் கீழ் உள்ளவை ஊராட்சி ஒன்றியத்தின் கையில், அதாவது யூனியன் கண்மாய். இதைத் தெரிந்துகொள்ளாமல் மனு கொடுத்தால், மனு ஓர் அலுவலகத்திலிருந்து இன்னோர் அலுவலகத்துக்கு நடந்துகொண்டே இருக்கும்.

கண்மாய் ஒருவருடையது என்பதால் அதற்குள் இருப்பதெல்லாம் அவருடையது ஆகிவிடாது. உள்ளே நிற்கும் கருவேல மரங்கள் சமூகக் காடுகள் திட்டத்தில் நட்டவையாக இருக்கலாம். அப்படியானால் மர ஏலத்தில் வனத் துறைக்குப் பங்கு உண்டு. மீன்பாசி குத்தகையை, அதாவது கண்மாய் மீனைப் பிடிக்கும் உரிமையை, வேறொரு அலுவலகம் விட்டிருக்கும். தண்ணீர் எப்போது திறப்பது என்பதில் நீரினைப் பயன்படுத்துவோர் சங்கத்துக்குச் சொல் உண்டு. தண்ணீர், மீன், மரம், மண் என்று நான்கையும் தனித்தனியாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே உரிமைக்காரர் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். பட்டா நிலத்திலும் கேட்கவேண்டிய கேள்வி இருக்கிறது: பயிர் செய்கிறவர் பட்டாதாரரா, குத்தகைக்காரரா, வாரத்துக்கு (விளைச்சலில் பங்குக்கு) உழுகிறவரா? பட்டாதாரர் சென்னையில் இருந்துகொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டால், இங்கே மருந்து அடிப்பவருக்கு ஒன்றும் தெரியாமலே போகும்.

ஆக்கிரமிப்பு இருந்தால்? அதற்கு 2007ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் தனியாக இருக்கிறது. பறவைப் பேச்சையும் அதையும் ஒரே கூட்டத்தில் வைக்காதீர்கள். வைத்தால் பறவை என்றாலே 'நிலத்தைப் பிடுங்க வருகிறார்கள்' என்ற பயம் ஊரில் பரவி, உங்களோடு நிற்கக்கூடிய விவசாயியும் விலகிப் போய்விடுவார்.

2. ஒரு முழு வருடம் பறவையைப் பின்தொடருங்கள்

எந்தப் பறவை எந்த மாதம் எங்கே என்ன செய்கிறது என்று ஒரு நோட்டில் எழுதி வரவேண்டும். பள்ளிப் பிள்ளைகளும் ஆடு மேய்ப்பவர்களும் இதில் பெரிய உதவி. கூடு இருக்கும் மரங்களுக்கு எண் போடுங்கள். இரை தேடும் இடத்தை 'கீழ வயல்' என்று எழுதாமல் சர்வே எண்ணோடு எழுதுங்கள். அப்போதுதான் முதல் படியில் வரைந்த படத்தோடு பொருந்தும்.

ஒவ்வொன்றுக்கும் தேவை வேறு. நத்தைகுத்தி நாரையின் அலகை நெருங்கிப் பார்த்தால், மூடிய பிறகும் நடுவில் ஓர் இடைவெளி தெரியும். நன்னீர் நத்தையைச் சேற்றிலிருந்து எடுத்து, ஓட்டிலிருந்து சதையைப் பிரித்துத் தின்பதற்கென்றே அமைந்த அலகு அது. அந்த நத்தை பெரும்பாலும் நெல்வயலிலும் வாய்க்காலிலும்தான் கிடைக்கும். கரண்டிவாயன் கால் நனையும் ஆழத்தில் அலகை இடமும் வலமும் வீசியபடி நடக்கும். பாம்புத்தாராவுக்கு முங்கி நீந்த ஆழத் தண்ணீர் வேண்டும். நீலத்தாழைக்கோழிக்குக் கோரையும் சம்பும் வேண்டும். ஆள்காட்டி வெறும் கட்டாந்தரையில் முட்டையிடும். அதன் கூட்டை மிதித்தாலும் தெரியாது. ஆக, கண்மாயில் தண்ணீர் நிறைந்தால் மட்டும் எல்லாப் பறவைக்கும் வீடு கிடைத்துவிடாது.

பறவை அடையாளம் தெரியாதவர்கள் பொங்கல் சமயத்தில் தொடங்குவது நல்லது. 2015லிருந்து தமிழகத்தில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. அனுபவம் உள்ளவர்கள் பக்கத்து ஏரிக்கே வருவார்கள். உங்கள் கணக்கை இபேர்ட் செயலியில் ஏற்றி வைத்தால், நாளைக்கு அலுவலகத்தில் 'பறவை வருகிறது என்பதற்கு என்ன ஆதாரம்?' என்று கேட்கும்போது கையில் பதில் இருக்கும். ஒன்று மட்டும் கவனம்: குஞ்சு இருக்கும் மாதங்களில் கூட்டு மரத்தடிக்குப் போகாதீர்கள். பெரிய பறவை பதறி எழும்பினால் குஞ்சு தவறி விழும், வெயிலில் வதங்கும், காக்கை தூக்கும். கரையில் நின்று தொலைநோக்கியில் பார்த்தால் போதும்.

3. யாருக்கு நஷ்டம்?

வேலையின் உயிர் இந்தப் படியில்தான் இருக்கிறது. மற்ற எதை அவசரமாகச் செய்தாலும் இதை நிதானமாகச் செய்யுங்கள்.

முதலில் மீன்பாசி குத்தகைக்காரர். அவர் ஏலத்தில் பணம் கட்டி, மீன் குஞ்சு வாங்கி விட்டிருக்கிறார். ஒரு கூழைக்கடாக் கூட்டம் இறங்கினால் அவர் கண்ணுக்கு அது காசு பறந்து போவதாகத்தான் தெரியும். அதனால்தான் சில இடங்களில் வெடி போட்டு விரட்டுகிறார்கள். அதைவிடப் பெரிய சிக்கல் கோடையில் வரும். குஞ்சுகள் வளர்ந்து அதிக இரை கேட்கும் நேரத்தில், மீன் பிடிப்பதற்காக இருக்கிற தண்ணீரையும் மடை வழியாக வடித்துவிடுவார்கள். தாய்ப்பறவைக்குத் தூரம் கூடும்; குஞ்சு கூட்டிலேயே சாகும்.

அடுத்து, மரத்தின் சொந்தக்காரர். கர்நாடகத்தின் மண்டியா மாவட்டத்தில் இருக்கும் கொக்கரே பெள்ளூரில் சங்குவளை நாரையும் கூழைக்கடாவும் ஊருக்குள்ளேயே, வீட்டு வாசல் புளியமரங்களில் கூடு கட்டுகின்றன. புளி உலுக்கும் பருவமும் குஞ்சு வளரும் பருவமும் ஒன்றாக வந்துவிடுவதால், உலுக்காமல் விட்டால் மரக்காரருக்கு வருமானம் போகும். அங்கே வனத் துறை மரக்காரர்களுக்கு இழப்பீடு கொடுத்து அதைச் சரிக்கட்டியது. மரத்தடியில் சேரும் எச்சத்தை எடுத்து வயலுக்கு எருவாகப் போடுவதும் அந்த ஊரில் வழக்கம். பிரசவத்துக்குத் தாய்வீடு வரும் மகளைப் போலப் பறவையை நினைக்கிறோம் என்று அவ்வூர்க்காரர்கள் சொல்வது உண்மைதான். ஆனால் அந்தப் பிரியத்தோடு புளிக்குப் பணமும் சேர்ந்ததால்தான் மரங்கள் வெட்டுப்படாமல் நிற்கின்றன என்று நான் நம்புகிறேன்.

மூன்றாவதாக, கூட்டு மரத்தின் கீழே குடியிருப்பவர்கள். எச்சமும் அழுகிய மீனும் விழும் நாற்றத்தைச் சகித்துக்கொள்வது சாமானியம் இல்லை. அசாமில் ஹர்கிலா என்னும் பெருநாரை கூடு கட்டும் மரங்களை இதனால்தான் சொந்தக்காரர்கள் வெட்டிக்கொண்டிருந்தார்கள். உயிரியலாளர் பூர்ணிமா தேவி பர்மன் அந்த வீட்டுப் பெண்களை ஒன்று சேர்த்தார். பறவைக்கு வளைகாப்பு மாதிரி ஒரு சடங்கை ஊரோடு கொண்டாடினார்கள், மரத்தடியில் வலை கட்டி விழும் குஞ்சுகளைப் பிடித்தார்கள், பெண்களுக்கு நெசவில் வருமானத்துக்கு வழி செய்தார்கள். மரம் வெட்டிய வீடுகளே காவல் வீடுகள் ஆயின. இவ்வளவுக்கும் அவை எல்லாம் தனியார் மரங்கள்.

நான்காவது, கண்மாய் ஓரம் நாற்றங்கால் போடும் விவசாயி. நீலத்தாழைக்கோழி இளம் நாற்றைப் பிடுங்கி மிதித்துவிடும். இதை 'பறவை ஒன்றும் செய்யாது' என்று மழுப்பினால் அவர் உங்களை நம்பமாட்டார். நத்தைகுத்தி நாரையும் வெள்ளை அரிவாள் மூக்கனும் வயலின் நத்தையையும் நண்டையும் பூச்சியையும் குறைப்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நஷ்டத்தை ஒப்புக்கொண்ட பிறகு சொன்னால்தான் லாபக் கணக்கு காதில் ஏறும்.

இந்த நால்வரையும் தனித்தனியாக, அவரவர் இடத்திலேயே போய்ப் பாருங்கள். ஊர்க் கூட்டத்தில் யாரும் உண்மையான நஷ்டத் தொகையைச் சொல்லமாட்டார்கள். 'அண்ணே, போன வருஷம் ஏலம் எவ்வளவுக்கு எடுத்தீங்க, கையில எவ்வளவு நின்னுச்சு?' என்று கரையில் உட்கார்ந்து கேட்டால் கணக்கு வரும். அதை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த படிக்கு அதுதான் மூலதனம்.

4. எழுத்தில் ஓர் உடன்படிக்கை

வாய்ப்பேச்சு நல்லவர் இருக்கும்வரை நிற்கும். பஞ்சாயத்துத் தலைவரோ பொறியாளரோ மாறினால் கலைந்துவிடும். ஆகவே எழுதுங்கள், சுருக்கமாக எழுதுங்கள். மூன்று வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிப்பது மாதிரி இருந்தால் கையெழுத்துப் போடுகிறவர்களுக்குப் பயம் குறையும்.

முதல் வரியிலேயே இதைப் போட்டுவிடுங்கள்: "இந்த உடன்படிக்கையால் எவருடைய பட்டாவும், குத்தகை உரிமையும், பாசன உரிமையும் மாறாது." இந்த ஒரு வரிக்காகவே பலர் கையெழுத்துப் போடுவார்கள்.

பிறகு யார் என்ன செய்வார் என்பதைத் தேதியோடும் இடத்தோடும் எழுதுங்கள். சில மாதிரி வரிகள்:

"குஞ்சுகள் பறக்கும்வரை, மடைக்கு அருகே நட்ட அளவுக்கல்லின் சிவப்புக் கோட்டுக்குக் கீழே தண்ணீரை மீன்பிடிக்காக வடிப்பதில்லை. இதனால் குத்தகைக்காரருக்கு ஏற்படும் இழப்பு, ஏலத் தொகையில் கழித்துக் கொடுக்கப்படும்."

"கூடுள்ள 14 முதல் 31 வரையிலான எண்ணிட்ட மரங்களின் கிளைகளை, குஞ்சுகள் வெளியேறும்வரை வெட்டுவதில்லை. மரக்காரருக்கு உரிய தொகை கூடு கட்டத் தொடங்கிய மாதமே தரப்படும்."

"கண்மாய்க் கரையை ஒட்டிய இரண்டு வரிசை வயல்களில் குருணை மருந்து இடுவதில்லை. அங்குள்ள நாற்றங்கால்களுக்கு வலை, உடன்படிக்கை நிதியிலிருந்து வாங்கித் தரப்படும்."

மர எண்ணையும் மாதத்தையும் உங்கள் நோட்டிலிருந்து எடுங்கள். வேடந்தாங்கலில் நவம்பரிலேயே கூடு களைகட்டும்; திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளத்தில் பருவம் தள்ளி வந்து கோடைக்குள்ளும் நீளும். ஓர் ஊரின் தேதி இன்னோர் ஊருக்குப் பொருந்தாது. 'பறவைகளைப் பாதுகாப்போம்' போன்ற பொதுவான வரிகளைத் தவிர்த்துவிடுங்கள். நடந்ததா, நடக்கவில்லையா என்று யாரும் போய்ப் பார்த்துச் சொல்லக்கூடிய வரிகள் மட்டும் இருக்கட்டும்.

கையெழுத்துப் போடவேண்டியவர்கள்: ஊராட்சி, கண்மாய்க்குப் பொறுப்பான துறை, வனச்சரகம், நீரினைப் பயன்படுத்துவோர் சங்கம், மீன்பாசி குத்தகைக்காரர், பட்டாதாரர்கள், பயிர் செய்கிறவர்கள். அரசு அதிகாரி நேரடியாகக் கையெழுத்துப் போடத் தயங்கினால், கூட்ட நடவடிக்கைக் குறிப்பில் ஒப்புதல் பதிவானாலும் தொடங்கலாம்.

பெரிதாகத் தொடங்கவேண்டும் என்றும் இல்லை. சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியில் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை என்று ஊரே முடிவெடுத்து, காலங்காலமாகக் காப்பாற்றி வருகிறது. அதற்கு நன்றியாக வனத் துறை இனிப்பு கொடுக்கிறது. தங்கள் வீட்டு வாசலில் மக்கள் ஒன்றை விட்டுக்கொடுக்கிறார்கள், அதை அரசு மதித்து நடக்கிறது. அளவு சிறியது என்றாலும் முழுமையான கூட்டு.

5. கிராம சபையில் தீர்மானம்

கிராம சபை இப்போது வருடத்துக்கு 6 முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம் என்பதால் கண்மாய்ப் பேச்சுக்கு அன்று இடம் கிடைப்பது சுலபம். தீர்மான வாசகத்தை நீங்களே எழுதிக் கொண்டுபோங்கள். சர்வே எண்களைச் சேருங்கள். தீர்மானப் புத்தகத்தில் ஏறிய பிறகு நகல் வாங்கி, வட்டார வளர்ச்சி அலுவலர், மாவட்ட வன அலுவலர், நீர்வளத் துறை உதவிப் பொறியாளர் மூவருக்கும் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். நில வகைப்பாட்டில் தவறு கண்டுபிடித்திருந்தால் ஜமாபந்தியில், அதாவது வருவாய்த் துறை வருடந்தோறும் நடத்தும் கணக்குத் தணிக்கையில், தனி மனுவாகக் கொடுக்கலாம்.

6. சட்டக் குடை: எது உங்களுக்குப் பொருந்தும்?

இங்கேதான் நிறையப் பேர் குழம்புகிறார்கள். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சமுதாயக் காப்பகம். வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 36-சி பிரிவு. ஊர்ப் பொது நிலமோ தனியார் நிலமோ, உரியவர்கள் தாமாக முன்வந்தால் மட்டுமே மாநில அரசு அறிவிக்கலாம். நிலம் அவர்களிடமே இருக்கும். நிர்வாகக் குழுவில் ஊரின் பிரதிநிதிகளும் வனத் துறையின் ஒருவரும் இருப்பார்கள். 2022 திருத்தத்துக்குப் பிறகு, தனியார் நிலமென்றால் அந்த நிலச் சொந்தக்காரரே குழுவில் உறுப்பினர். வேட்டை, தீ வைப்பது, காட்டுயிருக்குக் கேடு தரும் வேதிப்பொருளும் வெடியும் தடை. பதிலுக்கு ஒரு கட்டுப்பாடு: நிலப் பயன்பாட்டை மாற்றவேண்டும் என்றால் குழுவின் தீர்மானமும் அரசின் ஒப்புதலும் வேண்டும். பின்னால் வீட்டுமனை போட நினைப்பவர் இதில் சேரக்கூடாது. சேரும் முன்பே அவரிடம் இதை ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிடவேண்டும். கொக்கரே பெள்ளூர், கேரளத்தின் கடலுண்டி-வள்ளிக்குன்னு, பஞ்சாபின் கேஷோப்பூர் சம்ப் மூன்றும் 2007ல் இந்த வகையில் அறிவிக்கப்பட்டவை. கேஷோப்பூர் கிராமங்களின் பொதுச் சதுப்பு நிலம். 2019ல் ராம்சார் பட்டியலிலும், அதாவது உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் பட்டியலிலும், ஏறியது.

பாதுகாப்புக் காப்பகம் என்பது 36-ஏ பிரிவு. அது அரசு நிலத்துக்கு மட்டும், முக்கியமாகச் சரணாலயங்களை ஒட்டிய நிலத்துக்கு. பட்டா நிலத்துக்கு உதவாது.

பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம், 2002ஆம் ஆண்டின் உயிரியப் பல்வகைமைச் சட்டத்தின் 37ஆம் பிரிவு. தமிழகத்தில் முதலாவது மதுரை மாவட்டம் அரிட்டாபட்டி, 2022 நவம்பரில். லகர் வல்லூறு போன்ற இரைகொல்லிப் பறவைகள் வாழும் குன்றுகள் அங்கே இருக்கின்றன. 2025ல் திண்டுக்கல் மாவட்டம் காசம்பட்டியின் கோயில் காடு சேர்ந்தது. இந்தப் பிரிவில் எனக்குப் பிடித்த அம்சம், அறிவிப்பால் பொருளாதார இழப்பு அடைகிறவர்களுக்கு ஈடு செய்ய அரசு திட்டம் வகுக்கவேண்டும் என்று சட்டமே சொல்வது. உங்கள் மூன்றாம் படி நோட்டு இங்கேயும் கைகொடுக்கும்.

ஈரநில விதிகள், 2017. இவற்றைப் பெரிதாக நம்பிவிடாதீர்கள். பாசனத்துக்கென்றே கட்டிய நீர்நிலைகளையும் நெல்வயல்களையும் அந்த விதிகள் தங்கள் வரையறைக்கு வெளியே வைத்திருக்கின்றன. நம் ஊர்க் கண்மாய்கள் பலவும் அப்படித்தான் விடுபட்டுப் போகின்றன. ராம்சார் தலம் என்றால் கதை வேறு. வேடந்தாங்கல், கரிக்கிலி, கூந்தன்குளம், வடுவூர், சித்திரங்குடி, கஞ்சிரங்குளம் எல்லாம் 2022ல் அந்தப் பட்டியலுக்கு வந்தவை.

என் யோசனை: இரண்டு கூடு பருவமாவது உடன்படிக்கையை நடத்திப் பாருங்கள். அது ஓடுகிறது, ஊர் ஏற்றுக்கொண்டது என்றால் 36-சிக்கோ 37க்கோ விண்ணப்பிக்கலாம். ஊர் மனம் ஒப்பாமல் மேலிருந்து வரும் அறிவிப்பு, பறவைக்குப் பகையைத்தான் சம்பாதித்துத் தரும்.

7. கண்மாய்க்குள் செய்யவேண்டியவை

தூர்வாரும்போது கண்மாயை ஒரேயடியாக ஆழக் குடைந்துவிட்டால் நீந்தும் பறவைக்கு மட்டும்தான் அது பயன்படும். ஒரு பக்கமாவது கரையை மெல்லச் சரியும்படி விடச் சொல்லுங்கள்; உப்புக்கொத்திக்கும் உள்ளானுக்கும் கணுக்கால் ஆழத் தண்ணீர்தான் வாழ்வு. எடுத்த மண்ணில் ஒரு பகுதியைக் கண்மாய்க்குள்ளேயே நான்கைந்து திட்டுகளாகக் குவித்து, நாட்டுக் கருவேலம், நீர்க்கடம்பு, நீர்மருது நடலாம். சுற்றிலும் தண்ணீர் நிற்கும் திட்டில் நாயும் பூனையும் ஏறாது, விறகு வெட்டும் குறையும்.

மீதி வண்டல் மண்? விவசாயத்துக்கு வண்டல் எடுக்க அனுமதி உண்டு, வட்டாட்சியரிடம் விண்ணப்பிக்கவேண்டும். உடன்படிக்கையில் கையெழுத்துப் போட்ட விவசாயிகளின் விண்ணப்பங்களை ஊராட்சி ஒன்றாகத் திரட்டிக் கொண்டுபோகலாம். கண்மாயின் மண் பட்டா நிலத்துக்குப் போகிறது, பட்டா நிலத்தின் பாதுகாப்பு கண்மாய்ப் பறவைக்கு வருகிறது. பைசா செலவில்லாத பரிமாற்றம்.

சீமைக் கருவேலத்தை அகற்ற நீதிமன்ற உத்தரவும் அரசின் கொள்கையும் இருக்கின்றன. அது நியாயமும்கூட. ஆனால் பல கண்மாய்களில் இன்று கூடு தாங்கி நிற்பதும் அதே மரம்தான். ஒரே கோடையில் பொக்லைன் விட்டு வழித்துவிட்டால், அடுத்த மழைக்கு வரும் நாரைக்கு உட்காரக் கிளை இருக்காது. திட்டில் நட்ட மரங்கள் கிளை பரப்பும்வரை கூடுள்ள தோப்பை விட்டுவைத்து, கூடில்லாத பக்கத்திலிருந்து பகுதி பகுதியாக, குஞ்சுகள் பறந்த பிறகு வெட்டுங்கள். ஏல அறிவிப்பு வரும் முன்பே மர எண்களோடு வனச்சரகரிடம் எழுதிக் கொடுத்துவிடவேண்டும்.

கண்மாயின் குறுக்கே போகும் மின்கம்பியையும் மறக்காதீர்கள். கூழைக்கடா போன்ற கனத்த பறவையால் சட்டென்று திரும்ப முடியாது. கம்பியில் பளிச்சென்று தெரியும் அடையாளத் தகடு மாட்ட மின்வாரியத்திடம் கேளுங்கள்.

8. பட்டா நிலத்தில் செய்யவேண்டியவை

வயலில் பெரிய மாற்றம் தேவையில்லை. அறுவடை முடிந்ததும் தாளைக் கொளுத்தாமல், வாய்ப்புள்ள இடத்தில் சில நாள் தண்ணீர் நிற்கவிட்டால் கொக்கும் நாரையும் இறங்கிச் சேற்றைக் கிளறும். கலிஃபோர்னியாவில் 2014லிருந்து இதற்கே பணம் கொடுக்கிறார்கள்: வலசைப் பருவத்தில் சில வாரம் வயலில் தண்ணீர் நிறுத்த எவ்வளவு கேட்கிறீர்கள் என்று நெல் விவசாயிகளிடம் ஏலம் கேட்டு, குறைந்த தொகை கேட்பவரின் வயலை நேச்சர் கன்சர்வன்சி அமைப்பு அந்த வாரங்களுக்கு மட்டும் வாடகைக்கு எடுக்கிறது. நிலம் வாங்கும் செலவில்லை. நம் ஊரிலும் நான்கு வயலில் முயன்று பார்க்கத் தக்க யோசனை.

நாற்றங்காலைக் கரையிலிருந்து தள்ளிப் போடுங்கள். வலை கட்டினால் இழுத்துக் கட்டுங்கள். தொய்ந்த வலையில் பறவை சிக்கிச் சாகும். பூச்சிக்குப் பறவைத் தாங்கி நட்டால் கரிச்சான் வந்து உட்காரும். எலிக்கு விஷம் வைத்தால் அந்த எலியைத் தின்ற கூகையும் சாகும். அது உயிரோடு இருந்தால் ராத்திரி முழுக்க உங்களுக்காக எலி பிடிக்கும். வரப்புப் பனையில் தூக்கணாங்குருவியும் பனங்காடையும் குடியிருக்கும் என்பதால் காய்ந்து மொட்டையான பனையையும் நிற்கவிடுங்கள்.

கண்மாயே இல்லாத வறண்ட பகுதிக்காரர்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். காங்கேயம், தாராபுரம், மூலனூர் பக்கம் கொறங்காடு என்று ஒன்று இருக்கிறது. கிளுவை உயிர்வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், ஆங்காங்கே வெள்வேல் மரம், அதில் மாடும் ஆடும். எல்லாமே தனியார் மேய்ச்சல் நிலம். கௌதாரி, காடை, கீச்சான், வானம்பாடி எனப் புல்வெளிப் பறவைகளுக்கு அந்தப் பகுதியில் இதைவிட நல்ல இடம் கிடையாது. அது மனையாகவோ சோலார் பூங்காவாகவோ மாறும்போது, 'தரிசுதானே' என்று யாரும் வருத்தப்படுவதில்லை. எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம் இது. அங்கே கூட்டு வேறு மாதிரி இருக்கவேண்டும்: கிளுவை வேலியைப் புதுப்பிக்கவும் புல்விதைக்கும் கால்நடைத் துறையும் ஊராட்சியும் உதவ, காட்டுக்காரர் கம்பிவேலி போடாமல் புல்லை விட்டுவைப்பது.

9. பணம்

உயிரியப் பல்வகைமைச் சட்டத்தின் 43ஆம் பிரிவு உள்ளூர் நிதி ஒன்றைச் சொல்கிறது. ஊராட்சியின் பல்லுயிர் மேலாண்மைக் குழு உயிரோடு இருந்தால் அதன் வழியாக நடத்தலாம். பல ஊரில் குழு காகிதத்தில் மட்டும் இருக்கும்; கிராம சபையில் கேட்டு உசுப்பிவிடுங்கள். நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி கரை, திட்டு, வலை போன்ற ஒருமுறைச் செலவுக்குச் சரி. வருடா வருடம் கொடுக்கவேண்டிய மரக்காரர் தொகையை அதை நம்பி வைக்காதீர்கள். அதற்கு வனத் துறையோ ஊராட்சியோ பொறுப்பேற்கவேண்டும். பறவை பார்க்க வருகிறவர்களிடம் வாகனக் கட்டணம் வாங்கினால் அந்தப் பணம் காவலுக்குப் போகட்டும். வரவு செலவைக் கிராம சபையில் வாசிக்கவேண்டும், விடாமல்.

10. காவலும் புதுப்பித்தலும்

இரவு வேட்டைதான் முதல் ஆபத்து. டார்ச் வெளிச்சமோ கண்ணியோ தெரிந்தால் நீங்களே போய்ப் பிடிக்கப் போகாமல் வனச்சரகத்துக்குப் போன் போடுங்கள். எண்ணை டீக்கடைச் சுவரில் எழுதி வையுங்கள். காயம்பட்ட பறவையை அட்டைப் பெட்டியில் இருட்டாக வைத்து ஒப்படைக்கவேண்டும். வீட்டில் வளர்க்கக்கூடாது, சட்டப்படி குற்றம்.

கூடு கட்டும் மரங்கள் எத்தனை, உடன்படிக்கை மீறல் எத்தனை, இழப்பீடு கொடுத்தது யாருக்கு, பாக்கி யாருக்கு என்று ஒரே ஒரு பக்கத்தில் ஆண்டறிக்கை எழுதிப் பஞ்சாயத்து அலுவலகத்தில் ஒட்டுங்கள். பாக்கி இருந்தால் முதலில் அதைத் தீருங்கள். ஒரு மரக்காரருக்குச் சொன்ன பணம் போய்ச் சேரவில்லை என்றால், அடுத்த வருடம் பத்து மரக்காரர்கள் விலகுவார்கள்.

மீன்பாசி குத்தகை பசலிக் கணக்கில் ஓடும்; பசலி, அதாவது வருவாய்த் துறையின் கணக்கு ஆண்டு, ஜூலை 1ல் தொடங்கும். குத்தகை முடிந்து புது ஆள் வரும்போது பழைய உடன்படிக்கை அவரைக் கட்டாது. தண்ணீர் வடிக்காமல் நிறுத்துவது, வெடி போடாதது, ஏலத் தொகையில் கழிக்கும் தொகை எவ்வளவு என்ற மூன்றும் ஏல நிபந்தனையிலேயே இருக்கவேண்டும். ஏல அறிவிப்பு வரும் முன், மே மாதமே அலுவலகத்துக்குப் போய் அந்த வரிகள் சேர்ந்திருக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள். ஏலம் முடிந்த பிறகு சேர்க்கச் சொன்னால், எடுத்தவர் ஒப்புக்கொள்ள வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.